பதிமூன்றாவது வெல்பர்ன்

வார்விக்‌ஷயரில் பழைய கார் கண்காட்சி. சிவப்பு வெல்பர்ன் காரைப் பார்த்ததும் டெஸ்மண்ட் சிரித்துவிட்டார்.

"போலிம்மா இது. மரக்கதவு மாடல் மொத்தமே பன்னிரண்டுதான். எல்லாத்துக்கும் கதவு மாட்டினவன் நான்."

"வாய்தான். கழட்டிப் பாருங்களேன்," என்றாள் காரின் சொந்தக்காரி ஹில்டா.

மாட்டிய கதவுக்குள் சாக்பீஸால் கையெழுத்துப் போட்டு மூடுவது வெல்பர்ன் தொழிற்சாலையின் வழக்கம். தொழிற்சாலையை மூடி ஐம்பது வருஷமாகிறது. டெஸ்மண்ட் ஸ்க்ரூடிரைவரால் கதவின் உள்பலகையை நெம்பி எடுத்தார். உள்ளே அவருடைய கையெழுத்து. கீழே எண் பதிமூன்று.

"எவனோ என் கையெழுத்தை நல்லாப் பழகியிருக்கான்," என்றார், குரல் கொஞ்சமும் இறங்காமல்.

ஹில்டா டீயை நீட்டினாள். "முதல்ல கையைத் துடைங்க."

பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் இப்போதுதான் எழுதி முடித்ததுபோல் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது. எழுத்தை அவர் தொடவே இல்லை.