அதிகப்படி ஊசி

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் பகிர்ந்து குடிக்கும் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை கைமாறி வந்தது. நெலிடா வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொருவருக்காக நீட்டினாள். லிசாந்த்ரோவின் முறை வந்தபோது, குடுவை அவனைத் தாண்டிப் போனது.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"என் வீட்டுக்காரர் ஈரல்ல இருக்கற கட்டியை உறைய வைக்க மூணு ஊசி போதும்னு டாக்டர் சொல்றார். மேல நாலு ஊசி எதுக்குடா?" என்று கேட்டாள் நெலிடா.

"சூட்டை அளக்கறதுக்கு அக்கா."

"அளந்தா இவருக்குக் குணமாயிடுமா?"

ஊசி முனையிலிருந்து சதைக்குள் பனி எவ்வளவு தூரம் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது லிசாந்த்ரோவின் வேலை.

"வாயைத் திற. உன் ஆராய்ச்சிக்குத்தானே?"

"ஆமா."

"சோதனைக்குன்னு எங்க கறிக்கடையில மாட்டு ஈரல் வாங்குவியே, என்னைக்காவது உன்கிட்ட காசு வாங்கியிருப்பாரா? ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுல சுட்ட கறி தின்னுட்டு, இப்ப அவரையே கம்பியில கோக்கப் பார்க்கறியா?"

"விடு நெலிடா" என்றார் அவள் அண்ணன்.

"எதை விட? இவனுக்குப் பட்டம், பதவி. என் வீட்டுக்காரருக்குத் தழும்பு!"

ஸ்ட்ரெச்சரில் எர்மினியோவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெலிடா குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டாள்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த நாலு ஊசியையும் தூக்கி வீசிடறேன்."

"பிழைச்சுப் போகட்டும் விடு" என்று எர்மினியோ சிரித்தார்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கதவு மூடியது. கூடவே உள்ளே போன லிசாந்த்ரோ அவர் காதருகில் மெல்லச் சொன்னான்.

"அண்ணே, நீங்களா கேட்டுத்தான் அந்த நாலு ஊசியையும் குத்தறோம்னு அக்காகிட்ட சொல்லிடறேனே?"

"சொன்னா, ஏன் கேட்டீங்கம்பா. குணமாகாதுன்னு தெரியும், அதான் கேட்டேன்னு சொல்லவா? உன்மேலயே கோவமா இருக்கட்டும். கோவம் இருக்கறவரைக்கும் அழமாட்டா."

லிசாந்த்ரோ தலை குனிந்தான்.

"பெரிய ரத்தக்குழாயை ஒட்டின பக்கம் கட்டி சாகாதுன்னு நீதானே சொன்னே?"

"ஓடற ரத்தம் சூட்டைக் கொண்டுவந்துக்கிட்டே இருக்கும் அண்ணே. அங்க பனி பிடிக்காது. எவ்வளவு சூடு வருதுன்னுதான் என் கணக்குல சரியா வர மாட்டேங்குது. உங்களுக்கு இந்த ஆபரேஷனால கொஞ்ச மாசம் வலி குறையும்... அவ்வளவுதான்."

"எனக்கு அது போதும். அடுத்து வர்றவனுக்கு உன் கணக்கு சரியா வரணும்."

எர்மினியோ அவன் கையைப் பிடித்துத் தன் வலது விலாவின் மேல் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா உனக்குச் செத்த ஈரலாவே குடுத்துட்டேன்டா. இன்னைக்கு உயிரோட இருக்கறதுல அளந்துக்கோ."