மிளகு தூங்கிய மதியம்

மிளகின் காது அசையவில்லை.

அவள் மறுபடி கூப்பிட்டாள். தட்டைத் தரையில் தட்டினாள். தயிர்சாத வாசனைக்கு மொட்டை மாடியிலிருந்துகூட ஓடி வருகிற நாய். இப்போது, புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது.

மாங்கொட்டையை முழுசாக விழுங்கிய புண்ணியவான். போன வாரம்தான் வயிற்றைக் கிழித்து எடுத்துத் தையல் போட்டார்கள். தேறிக்கொண்டுதான் வந்தது. காலையில்கூட வாலை ஆட்டியதே.

தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. மூச்சும் இருந்தது.

வலி மாத்திரை கொடுத்தால் கொஞ்சம் தூங்கும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் இது கொஞ்சம் இல்லை.

தட்டை வைக்க அடுப்படிக்குப் போனவள், மேடையில் வாழைப்பழத் தோலைப் பார்த்தாள்.

அவளுக்கு வாழைப்பழம் ஆகாது. அவள் கணவருக்குச் சர்க்கரை. அந்த வீட்டில் வாழைப்பழம் மிளகுக்கு மாத்திரை பொதிந்து கொடுக்க மட்டும்தான். பொதிந்து கொடுப்பவர் அவர். அவள் இட்லியில் வைத்துக் கொடுப்பாள்.

இட்லியில் வைத்து இன்றைக்கும் கொடுத்திருந்தாள்.

அப்படியானால் இரண்டு மாத்திரை.

அவர் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டால் தீர்ந்தது.

எப்படிக் கேட்பது? பேச்சு இல்லையே.

அவள் தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். அக்கா வீட்டுக்காரரை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டாமா? வாட்ஸ்அப்பில் பத்திரிகையைத் தட்டிவிட்டான். "ஊருக்கே அனுப்புனதுல நானும் ஒருத்தனா?" என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் தனியாகப் போனாள். கேட்டவர்களிடமெல்லாம் அவருக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் வாயை மூடியவள்தான். அவராக வந்து பேசட்டும் என்று அவள். அவளாகப் பேசட்டும் என்று அவர்.

ஆனாலும் குடும்பம் நடக்க வேண்டுமே. அதற்குத்தான் மிளகு.

"மிளகு, தண்ணி சுட்டுருச்சு, குளிக்கலாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"மிளகு, குழம்புல உப்பு கம்மின்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அது எழுந்து, சொன்னவர் முகத்தைப் பார்க்கும். பிறகு கேட்க வேண்டியவர் பக்கம் திரும்பும். ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தக் கூம்போடு அந்த வேலையை அது விடவில்லை. மாத்திரை கொடுத்தாலும் இருவரும் அதனிடம்தான் சொல்வார்கள். மற்றவர் காதில் விழும்படி.

பால்கனி வாசலில் போய் நின்றாள்.

"மிளகு," என்றாள், பழக்கத்தில். "உங்கப்பாகிட்ட..."

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தூது போக ஆள் இல்லை.

"என்னங்க."

பேப்பர் இறங்கியது.

"மாத்திரை குடுத்தீங்களா?"

"குடுத்தேனே. அம்மா குடுக்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தானே..."

அவள் கொடுத்துச் சொன்னபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னபோது அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மூட்டுவலிக்காரர், பேப்பரை வீசிவிட்டு ஓடினார்.

டாக்டருக்குப் போன் போட்டார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். அவள் பார்த்தாள். வெளுக்கவில்லை. மூச்சும் சீராக இருந்தது.

"பயப்படாதீங்க, கூடுதலா தூங்குவான். அடுத்த வேளை மாத்திரைய விட்டுருங்க. சாயங்காலத்துக்குள்ள முழிக்கலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க." ஸ்பீக்கரில் டாக்டர் விடவில்லை. "ஒரே வீட்லதானே இருக்கீங்க? ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?"

அவர் போனை வைத்தார்.

மிளகுக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவர், சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"இவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..." என்றாள் அவள்.

"ஒண்ணும் ஆகாது. மாங்கொட்டையவே செரிக்கப் பாத்த பய."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதுவிட்டாள்.

பால்கனி வெயில் நகர்ந்து சுவரில் ஏறியது. மிளகின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் தம்பி வீட்டுப் பந்தியில தனியாவா உக்காந்த?" என்றார் அவர்.

"பக்கத்து இலையில யாரையும் உக்கார விடல."

அவர் மிளகின் முதுகில் இருந்த அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

வெயில் சுவரைவிட்டும் போனது.

டாக்டரிடம் போக அவர் வண்டிச் சாவியை எடுக்க எழுந்தார். கூம்புக்குள்ளிருந்து ஒரு நாக்கு வெளியே வந்தது. மூக்கை ஒருதரம் நக்கியது. ஒரு கண் திறந்தது.

"படவா," என்றாள் அவள். அவர் அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மிளகு தண்ணீர் குடித்தது. மறுபடி படுத்தது. அவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவள் எழுந்து அடுப்படி வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள்.

"காப்பி போடட்டுமா?"

குரல் கேட்டதும் மிளகு தலையைத் தூக்கியது. அவளைப் பார்த்தது. பிறகு, கூம்பு தரையில் உரச, தள்ளாடித் தள்ளாடி அவர் பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் அதன் காதைத் தடவிக் கொடுத்தார்.

"நீ படுடா," என்றார். "என்னையத்தான் கேக்கறா."