நிற்கிற வேலை

"முகத்துல கொஞ்சம் ஆர்வம் இருக்கட்டும் சார்" என்றார் மஞ்சள் தொப்பிக்காரர். சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்த லிஃப்ட்காரரின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையைச் சுற்றி ஒட்டினார்.

இன்டர்வியூ வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சான்றிதழ்கள் இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி, தன்னால் முடிந்த அளவுக்கு ஆர்வமாக நின்றார்.

பாதி ஆயுளை லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பட்டன் அமுக்கியே கழித்த மனிதர். போன வருஷம் கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வந்தது. அதற்கு யார் உதவியும் இல்லாமல் ஏறி இறங்கத் தெரிந்திருந்ததால், ஸ்டூலோடு சேர்த்து இவரையும் வெளியே வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனைவியின் தையல் மெஷின்தான் குடும்பத்தை ஓட்டுகிறது. அதுவும் இப்போது முனக ஆரம்பித்துவிட்டது.

வேலைக்கு வழி சொன்னவன் மனைவியின் தம்பி. அவனுக்குத் தெரியாத ஆபீஸே கிடையாது, அவனை உள்ளே விடுகிற ஆபீஸும் கிடையாது.

"கடற்கரை ரோட்ல வீடு கட்டி விக்கற கம்பெனி மாமா. இஸ்திரி போட்ட சட்டையா போட்டுக்கிட்டுப் போய் வரிசையில நில்லுங்க. ஆனா ஒண்ணு, உட்கார்ந்து பாக்கற வேலை இல்ல, நிக்கற வேலை. தாங்குவீங்களா?"

"அவர் தாங்குவாரு" என்று மனைவி முந்திக்கொண்டாள். "வேலை இல்லாம திரும்பி வந்தா நான்தான் தாங்க மாட்டேன்."

வெயில் ஏறியது. எதிரே கடல் இருந்ததால் காற்றுக்குக் குறைச்சல் இல்லை, வரிசைதான் அசையவில்லை. ஸ்டூலில் வளர்ந்த முழங்கால்கள் இரண்டும் லிஃப்ட்காரரைத் திட்டத் தொடங்கின.

"சார், முட்டி வலி உயிர் போகுது. கொஞ்சம் முன்னாடி போய்க்கட்டுமா?" என்று தனக்கு முன்னால் நின்ற கோட்டுக்காரரிடம் கேட்டார்.

"தாராளமா போங்க. எங்க நின்னா என்ன" என்றார் அவர், கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு.

அவருக்கு முன்னால் நின்ற கறுப்புக் கண்ணாடி அம்மாளும் நகர்ந்து இடம் விட்டாள். அதற்கு முன்னால் இருந்தவர், "பாத்துப் போங்கண்ணே" என்று கையைப் பிடித்தே அனுப்பிவைத்தார். இப்படி அசட்டையாக இருந்தால் இவர்களுக்கெல்லாம் எந்த ஜென்மத்தில் வேலை கிடைக்கும் என்று லிஃப்ட்காரர் மனதார இரக்கப்பட்டார்.

கண்ணாடிக் கதவை அவர் எட்டிய நேரத்தில், ஒரு பெரிய கார் வந்து நின்றது. இறங்கிய கணவனும் மனைவியும் வரிசையைப் பார்த்து மிரண்டுபோனார்கள். மஞ்சள் தொப்பிக்காரர் ஓடோடி வந்தார்.

"இன்னும் ஒரே ஒரு இடம்தான் மேடம் இருக்கு. நீங்க நிக்க வேணாம், நேரா உள்ள வாங்க."

லிஃப்ட்காரர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இருப்பதே ஒரு இடம். கார் வைத்திருப்பவர்கள் யாரோ மருமகனுக்குச் சிபாரிசு செய்து அதையும் கொத்திக்கொண்டு போகப் போகிறார்கள். ராத்திரி மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்ததும் முட்டி வலி பறந்துவிட்டது. கதவருகே நின்ற காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் உள்ளே பாய்ந்தார்.

மேனேஜர் அறையில், கார்க்காரர் நாற்காலியில் சாய்ந்து, "யோசிச்சுட்டு அடுத்த வாரம் சொல்றோமே" என்று இழுத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் நடுவில் புகுந்து மேனேஜரைக் கும்பிட்டார்.

"சார், அந்த இடத்தை இவங்களுக்குக் கொடுத்துடாதீங்க. காலையிலேர்ந்து வெயில்ல நிக்கறேன். என் குடும்பமே இந்த ஒரு இடத்தைத்தான் நம்பியிருக்கு. இது இல்லேன்னு போய்ச் சொன்னா என் வீட்டுக்காரி என்னை உள்ளயே விட மாட்டா."

சொல்லும்போதே குரல் உடைந்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பாவம், அத்தனையும் நிஜக் கண்ணீர்.

கார்க்காரரின் மனைவி கணவர் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள். "அடுத்த வாரமாம், அடுத்த வாரம். முதல்ல பேனாவை எடுங்க."

மேனேஜர் விரல் வைத்த பக்கமெல்லாம் கார்க்காரர் கையெழுத்துப் போட்டார். வெளியே போகும்போது அந்த அம்மாள் லிஃப்ட்காரரைத் திரும்பிப் பார்த்து, போட்டியில் ஜெயித்தவள் மாதிரி சிரித்துவிட்டுப் போனாள்.

லிஃப்ட்காரர் பையைத் தூக்கிக்கொண்டார். "அப்போ இடம் போயிடுச்சா சார்?"

மேனேஜர் எழுந்து வந்தார். லிஃப்ட்காரரின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் இருந்த மஞ்சள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியையே இழுத்து அவருக்குப் போட்டார்.

"வாசல்ல கூட்டம் காட்டறதுக்கு நாங்க சம்பளம் கொடுத்து நிறுத்தி வச்சிருக்கற ஆளா நீங்க?" என்றார். "நாளையிலேர்ந்து நிக்க வேணாம், உள்ள உட்கார்ந்து அழுங்க."