செத்த சாவி

மாமாவின் வலது கை விரல் முட்டிகளில் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. கார் கண்ணாடியை வெறுங்கையால் குத்தியதில் வந்தது. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சின்னவனின் அக்காவுக்கு நெஞ்சு வலி. அவள் கணவரான மாமா சாவியை எடுத்துக்கொண்டு காரிடம் ஓடினார். பட்டனை அமுக்கினால் கதவு திறக்கிற ரிமோட் சாவி. அதற்குள் இருந்த வட்ட பேட்டரி அன்றைக்கென்று பார்த்துத் தீர்ந்து போயிருந்தது.

கண்ணாடியைக் குத்திக் குத்தி அவர் கதறியதை எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெரியவர் பார்த்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததே அவர்தான். பாவம், மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டி வந்து சேர்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. "சாகறதுக்கு முந்தின வாரம்தான் போன்ல அழுதாடா. 'நான் அங்கயே வந்துடறேம்மா'ன்னா. அவன் நெனச்சிருந்தா என் பொண்ணு பொழச்சிருப்பா."

சின்னவனுக்குப் பொறுக்கவில்லை. "புருஷன் பொண்டாட்டி சண்டை எந்த வீட்லதான் இல்ல? அந்த மனுஷன் கையப் போய்ப் பாரும்மா! சாவி செத்துப்போனா அவர் என்ன பண்ணுவாரு?" என்று கத்திவிட்டான். அன்றோடு தாயும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்றைக்கு மாமா அந்தக் காரை விற்கிறார். "அதப் பார்த்தாலே மனசு கெடந்து அடிச்சுக்குது சின்னவனே" என்றார். விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்ததெல்லாம் சின்னவன்தான்.

வாங்க வந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரை ஒரு சுற்றுச் சுற்றினார், கார் பார்க்க வருகிற எல்லோரையும் போல டயரை ஒரு உதை உதைத்தார். பிறகு சாவியை வாங்கி அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன சார், சாவியே வேலை செய்யல?"

"பேட்டரி தீர்ந்துபோச்சு சார். அன்னிலேர்ந்து அதைத் தொடவே எனக்கு..." மாமாவின் குரல் உடைந்தது.

"தெருமுனையில வாட்ச் கடை இருக்கு. இதோ வாங்கிட்டு வந்துடறேன்" என்றான் சின்னவன்.

"எனக்கு இன்னொரு எடத்துலயும் வண்டி பார்க்கணும் தம்பி. தொறக்காத காரை நின்னு வேடிக்கையா பார்க்கறது?" என்று வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமாவின் முகம் சுருங்கிப் போயிற்று. சின்னவன் ஓட்டமாக ஓடினான்.

கடைக்காரர் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். இத்தனூண்டு சாமான். வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அக்காதான் முதலில் பிரிப்பாள். மிக்சியோ செல்போனோ, எப்படி ஓட்டுவது, மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் எடுப்பாள். "டீச்சரம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்று மாமா கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவளை இது கொன்றுவிட்டதே என்று நினைத்ததும், கடைக்காரர் முன்னாலேயே சின்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி கேட்டருகே வந்தபோது கார் உறுமிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. மாமா உள்ளே உட்கார்ந்திருந்தார். வந்தவர் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாடா, சாவிக்கு எப்படியோ உயிர் வந்துவிட்டது என்று சின்னவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நம்பவே முடியல சார்! செத்த சாவியில எப்படி ஓடுது?"

"இதுக்குள்ளயே ஒரு சின்ன இரும்புச் சாவி இருக்கு சார். அத உருவி கதவத் தொறக்கணும். அப்புறம் இந்த ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்ட வச்சு அமுக்கினா போதும், கெளம்பிடும்." மாமாவின் குரலில் இப்போது தழுதழுப்பு இல்லை. வந்தவரைப் பிடித்து நிறுத்திவிட்ட உற்சாகம்தான் இருந்தது.

சின்னவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நேற்றோ முந்தாநாளோ யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும், கடவுளே, அப்படித்தான் இருக்க வேண்டும்.

"பிரமாதம் சார். இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க?"

மாமா சிரித்தார்.

"வண்டி வாங்கின அன்னிக்கே. என் பொண்டாட்டிதான் சொல்லிக் குடுத்தா."