தாரணியின் நம்பர்

கடை பில்களைக் கிளவுடில் சேர்க்க இரண்டு டூல்களில் எது நல்லது என்று, அம்பத்தூர் ஆபீஸில் ஜெகதீஷும் புதிதாகச் சேர்ந்த சிம்ரனும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் எல்லாம் பொருந்தியது, ஒரே ஒரு வாடிக்கையாளரைத் தவிர.

"அண்ணா, மொத டூலு இவங்க செத்துட்டாங்கன்னு கழிச்சிட்ச்சு. ரெண்டாவதுல நேத்துகூட பில்லு கீது. ஐயப்பன்தாங்கல் கடை. ஒரு பால் பாக்கெட், ஊதுவத்தி, வெளக்குத்திரி."

"பேரு?"

"தாரணி. இன்னாண்ணா, பேய் வந்து வாங்கிகினு போவுதா?"

சிம்ரன் சிரித்தாள். தாரணி ஜெகதீஷின் மனைவி. அவள் இறந்ததும் அந்தக் கடைக் கணக்கை மூடச் சொன்னவனே அவன்தான்.

மாலை நேராக அந்தக் கடைக்குப் போனான். வருகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்தபடி நின்றான். தாரணி வரவில்லை. வழக்கம்போல ஒரு பால் பாக்கெட்டும் ஊதுவத்தியும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தான்.

"போன் நம்பர் சொல்லுங்க சார்."

கல்யாணமான நாளாகச் சொல்லிப் பழகிய நம்பரை வாய் தானாகச் சொல்லியது.

"தாரணிதானே சார்?"

"ஆமாம்மா," என்றான்.

மறுநாள் மேனேஜர் கேட்டபோது, தாரணி இன்னும் இருக்கிற இரண்டாவது டூலே போதும் என்று சொல்லிவிட்டான்.