மெதுவாக வந்த பந்து

கம்பெனி மைதானத்தில் சாயங்கால வெயில். சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளும் ஊழியர்களும் கலந்து ஆடும் பந்தாட்டத்தில் இது கடைசி பெனால்டி. தடுத்துவிட்டால் கோப்பை மஞ்சள் அணிக்கு. கம்பெனி தந்த மஞ்சள் சட்டை முழங்கால்வரை தொங்க, கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறாள் பள்ளிப் பெண் ஒருத்தி. எதிரணியில் ஆடும் கம்பெனி மேனேஜர், பாவம் என்று நினைத்து, பூனைக்குட்டியைத் தள்ளுவதுபோல் பந்தைத் தள்ளுகிறார். அது உருண்டு அவள் காலடியில் நிற்கிறது. எல்லாரும் கைதட்ட, அவள் முகம் மட்டும் சுருங்குகிறது. பந்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்கிறாள். "சார், நிஜமா அடிங்க." "அடிபட்டுடும்மா." ஓரத்திலிருந்து அவள் அம்மாவின் குரல்: "அடிங்க சார், அவ விடமாட்டா." நடுவர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். மேனேஜர் பின்னால் நகர்ந்து ஓடிவந்து ஓங்கி உதைக்கிறார். பந்து அவள் விரலில் உரசி வலைக்குள் விழுகிறது. கைதட்டுவதா வேண்டாமா என்று மைதானம் விழிக்கிறது. அவளோ சிவந்த விரல்களை ஊதிக்கொண்டே அவரிடம் ஓடுகிறாள். "தொட்டுட்டேன் சார், பாத்தீங்களா?"