பதினோரு ஜோடி பூட்ஸ்

உப்பளத்துக் கொட்டகையில் சுகாதாரத் துறை நிறுத்திவைத்திருந்த இயந்திரத்துக்குத் தேன் குரல். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, பெண்கள் தாங்களே பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து அதில் செருக வேண்டும். செருகினால், "வாழ்த்துகள், விழிப்புள்ள பெண்ணே!" என்று சொல்லி ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைத் துப்பும்.

பூட்ஸ் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. குச்சி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதனால் பட்டியலில் இருந்த உப்பளப் பெண்கள் பதினோரு பேருக்கும், கூட வேலை பார்த்த கூச்சமில்லாத ராக்குதான் தன் மாதிரியையே எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கென்று குச்சி கிடையாது. அவள் ரேஷன் அட்டை வேறு மாவட்டத்தது. பட்டியலில் பெயர் இல்லை. அதிகாரிகள் 'நூற்றுக்கு நூறு' என்று பேனர் கட்டிவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள், நோய் இருக்கிறது என்று பதினோரு பெயருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது.

ராக்கு வெறுங்காலோடு இயந்திரத்தின் முன் போய் நின்றாள். "அம்புட்டும் என்னோடதுதான். எனக்கு வைத்தியம் பாரு."

"மன்னிக்கவும், விழிப்புள்ள பெண்ணே. உங்கள் பெயரில் நோய் எதுவும் பதிவாகவில்லை."

"பேரு இல்லாதவளுக்கு நோயும் கிடையாதாம்!" பதினோரு பேரில் மூத்தவளான இசக்கியம்மாள் காறித் துப்பினாள். இடுப்பிலிருந்து தன் அட்டையை உருவி ராக்குவின் கையில் திணித்தாள். "ஏட்டி, என் பேருல நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"நான் செத்துட்டா, அக்கா?"

"நான் செத்துட்டேன்னு எழுதிருவானுவ. எனக்கு ரேஷன் போயிரும். ஒழுங்கா பொழச்சு வந்து சேரு."